கடைசி அடுப்பு

மும்பையில் செம்பூர் ஸ்டேஷன் பக்கத்து மீன் கடைகளில் மாலை நேரத்தில் நிற்க இடம் இருக்காது. ஈரப் பலகையில் வாவலும் அயிலையும் இறாலும் குவிந்திருக்கும். கோலி மீனவப் பெண்கள் மராத்தியில் விலை சொல்ல, நம் ஊர்க்காரர்கள் பாதித் தமிழும் பாதி இந்தியுமாகப் பேரம் பேசுவார்கள். அங்கிருந்து சற்றுத் தள்ளி நடந்தால் குளிர்சாதன வசதியுள்ள பெரிய கடை. அதன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மீன்களுக்குச் செதிலும் இல்லை, வாடையும் இல்லை. காற்று நீக்கிய உறையில் புகையூட்டிய சால்மன் துண்டுகள், டப்பாவில் சூரை மீன், அலுமினிய நிறப் பையில் மத்திக் குழம்பு, பாட்டிலில் இறால் ஊறுகாய். எல்லாவற்றின் மேலும் ஒரே வாக்கியம்: திறந்து அப்படியே சாப்பிடலாம்.

என் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். அடுப்பு வாடையே ஆகவில்லை அவளுக்கு. "சமைக்காம சாப்பிடற மாதிரி ஏதாவது மீன் வாங்கிட்டு வாங்கப்பா" என்றாள். சால்மன் உறையைக் கையில் எடுத்தேன். பின்பக்கம் படித்தேன். திரும்ப வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்பதை அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று வீட்டில் சொல்லத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

குழம்பு கொதிக்கும்போது நடப்பது

நம் மீன் சமையலில் ஒரு பெரிய காவல் இருக்கிறது. மீன் எங்கிருந்து வந்தாலும், எத்தனை கை மாறினாலும், கடைசியில் அது கொதிக்கும் புளிக்கரைசலில் விழுகிறது. 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு மீனின் நடுப்பகுதி வரை இரண்டு நிமிடம் நின்றால், நோய் தரும் சாதாரண பாக்டீரியாக்கள் மடிந்துவிடும். ஏலம் போட்ட தரை, ஐஸ் உடைத்த கோணி, வெட்டிய பலகை என வழியெல்லாம் ஒட்டிய அழுக்கின் பெரும்பகுதியை அந்தக் கொதி மன்னித்துவிடுகிறது.

'அப்படியே சாப்பிடலாம்' என்ற உணவில் இந்தக் கடைசி அடுப்பு நம் வீட்டில் இல்லை. அது எங்கோ ஒரு தொழிற்சாலையில் எரிந்து அணைந்துவிட்டது. சில உணவுகளில் அது எரியவே இல்லை. அதற்குப் பிறகு அந்த மீனைத் தொட்ட கத்தி, கை, தராசு, லாரி, கடைக் குளிர்ப்பெட்டி ஒவ்வொன்றும் அடுப்பின் வேலையைச் செய்தாக வேண்டும். அவற்றில் ஒன்று தவறினாலும் திருத்துவதற்கு நம்மிடம் நெருப்பு இல்லை. பாக்கெட் மீனின் ஆபத்து முழுவதும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஒசாகாவில் 1950

இதன் பழைய, துயரமான சாட்சி ஜப்பானில் இருக்கிறது. 1950 அக்டோபரில் ஒசாகா பகுதியில் 272 பேர் கடும் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். 20 பேர் இறந்தார்கள். அவர்கள் எல்லோரும் சாப்பிட்டது 'ஷிராசு'. பொடி மத்திக் குஞ்சுகளை வேகவைத்து, அரை உலர்வாகக் காயவைத்த பண்டம். நம் நெத்திலிக் கருவாட்டுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். ஒரு வித்தியாசம்: அதை மறுபடி சமைக்காமல் அப்படியே சாப்பிடுவார்கள். ஃபூஜினோ சுனேசபுரோ என்ற ஆய்வாளர் அதிலிருந்து அதுவரை யாரும் அறியாத ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். காலராக் கிருமியின் உறவுக்காரன்; உப்பு நீரில் வாழ்பவன்.

ஷிராசு ஏற்கெனவே வெந்த மீன் என்பதைக் கவனியுங்கள். வேகவைத்த பின்னர் கிருமி வந்து சேர்ந்தால் முதல் வேக்காடு காப்பாற்றாது. கிருமிக்கு வேண்டியதெல்லாம் வெப்பமும் நேரமும் மட்டுமே. தனக்கேற்ற சூழ்நிலையில் விப்ரியோ சுமார் பத்து நிமிடத்தில் இரட்டிப்பாகும். அந்த வேகத்தில் ஒரே ஒரு செல், மூன்று மணி நேரத்தில் 18 முறை இரட்டித்து 2,62,144 செல்களாகிவிடும். மும்பையின் மே மாத வெயிலில், பைக்கின் பின்பெட்டியில் ஐஸ் இல்லாமல் சுற்றும் ஒரு இறால் சாலட் டப்பாவுக்கு மூன்று மணி நேரம் பெரிய காலம்.

இது ஜப்பானியர் பிரச்சினை என்று ஒதுக்கவும் முடியாது. 1996 பிப்ரவரியில் கொல்கத்தாவில் இதே இனத்தின் ஒரு புதிய வகை நோயாளிகளிடம் திடீரெனப் பெருகியது. ஓ3:கே6 என்று பெயரிடப்பட்ட அந்த வகை அடுத்த சில ஆண்டுகளில் தென்கிழக்கு ஆசியா, ஜப்பான், அமெரிக்கா, சிலி வரை போனது. உலகமெங்கும் பரவிய முதல் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் வகை என்று அறிவியலாளர்கள் குறித்துவைத்திருப்பது அதைத்தான்.

ஃபிரிட்ஜில் வளர்கிறவன்

விப்ரியோவைக் குளிர் அடக்கிவிடும். குளிரைக் கண்டு அஞ்சாத ஒன்று இருக்கிறது. அன்று சால்மன் உறையை நான் திரும்ப வைத்ததற்குக் காரணம் அதுதான்: லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ்.

1926-ல் கேம்பிரிட்ஜில் ஆய்வுக்கூட முயல்கள் காரணம் தெரியாமல் இறந்தபோது ஈ.ஜி.டி. முர்ரேயும் உடன் பணியாற்றியவர்களும் இதை அடையாளம் கண்டார்கள். அறுவைச் சிகிச்சையில் கிருமிநீக்கத்தைப் புகுத்திய ஜோசஃப் லிஸ்டரின் நினைவாகப் பின்னர் இந்தப் பெயர் நிலைத்தது. மண்ணிலும் நீரிலும் அழுகும் இலையிலும் வாழும் எளிய பாக்டீரியா இது. சூடு அதைக் கொன்றுவிடும். ஆனால் உறைநிலைக்கு அருகிலான குளிரிலும் அது வளரும். பத்து சதவீத உப்பையும் தாங்கும். ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் பொருட்படுத்தாது. காற்று நீக்கி, லேசாக உப்பிட்டு, குளிரில் வைத்த மீன் உறை ஒன்றை மனத்தில் வைத்து இந்த வரியை மறுபடி படித்துப் பாருங்கள். மற்ற கிருமிகளை அடக்க நாம் போட்ட ஒவ்வொரு வேலியும் இதற்கு இடம் ஒதுக்கித் தருகிறது.

குளிர்முறையில் புகையூட்டும் சால்மனைச் சுமார் 30 டிகிரிக்கும் குறைவான புகையில்தான் வைப்பார்கள். மீன் வேகாது, பச்சை மீனின் மென்மை கெடாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அடுப்பு எரியாத உணவு என்று முன்பு சொன்னது இதைத்தான். பிறகு இயந்திரக் கத்தியில் மெல்லிசாக வெட்டுகிறார்கள். அந்தக் கத்தியின் இடுக்குகளிலும், ஈரத் தரையிலும், சாக்கடை வாயிலும் லிஸ்டீரியா ஒரு கொழகொழப்பான படலத்துக்குள் குடியேறிவிட்டால், மேலோட்டமாகக் கழுவுவதற்கு அது அசையாது. 2014 முதல் 2019 வரை டென்மார்க், எஸ்தோனியா, பின்லாந்து, பிரான்ஸ், சுவீடன் ஆகிய ஐந்து நாடுகளில் 22 பேருக்கு ஒரே மரபணு வகை லிஸ்டீரியா நோய் வந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். மரபணு வரிசையை ஒப்பிட்டபோது தடம் குளிர்ப் புகை மீனில் போய் நின்றது. ஐந்து ஆண்டுகளாக ஒரே வகைக் கிருமி ஓர் உற்பத்திச் சங்கிலியில் தங்கியிருக்க முடியும் என்பதை அந்த விசாரணை காட்டியது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 4 டிகிரியில் லிஸ்டீரியா இரட்டிக்கச் சுமார் ஒன்றரை நாள் பிடிக்கும் என்று கொண்டால், பதினைந்து நாளில் பத்து இரட்டிப்பு. கிராமுக்குப் பத்தாக இருந்தது பத்தாயிரமாகும். மீனின் நிறம் மாறாது, வாடை வராது. அதனால்தான் இந்தக் கிருமி வளரக்கூடிய உணவில் 25 கிராம் மாதிரியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று பன்னாட்டு உணவு விதித்தொகுப்பான கோடெக்ஸ் சொல்கிறது.

உடம்பில் நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களுக்கு இது சில நாள் காய்ச்சலோடு போகலாம். முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், புற்றுநோய் சிகிச்சை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு அப்படி இல்லை. ரத்தத்திலும் மூளை உறையிலும் பரவினால் ஐந்து பேரில் ஒருவர் அளவுக்கு உயிரிழக்கிறார்கள். கர்ப்பிணியிடம் அது நஞ்சுக்கொடியைக் கடக்கிறது. தாய்க்கு லேசான காய்ச்சலும் உடம்பு வலியும்தான். வயிற்றுக் குழந்தை போய்விடலாம். சாப்பிட்டதற்கும் நோய்க்கும் இடையே 70 நாள் வரை இடைவெளி இருக்கலாம். இரண்டு மாதத்துக்கு முன் எந்த மீன் சாப்பிட்டோம் என்று யாருக்கு நினைவிருக்கும்?

லிஸ்டீரியா குளிர்நாட்டுக் கிருமி, நம் வெப்பக் கடலில் இருக்காது என்ற எண்ணம் ஒருகாலத்தில் இருந்தது. 1989-ல் கொச்சி மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் வெப்பமண்டல மீன்களில் லிஸ்டீரியா இனங்களைத் தேடி வெளியிட்ட அறிக்கை அந்த எண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. மங்களூர் மீன்வளக் கல்லூரியில் ஜெயசேகரன், இந்திராணி கருணாசாகர், இத்யா கருணாசாகர் ஆகியோர் 1996-ல் வெளியிட்ட ஆய்வில் மோனோசைட்டோஜீன்ஸ் இனமே நம் மீன்களில் கிடைத்தது.

காற்றை எடுத்துவிட்டால்

மீன் கெட்டுப்போனதை நம் மூக்கு கண்டுபிடிப்பது, காற்றில் வளரும் அழுகல் பாக்டீரியாக்களின் வாடையால்தான். காற்றை உறிஞ்சி உறையை மூடினால் அவை ஒடுங்குகின்றன. மீன் வாடையின்றி நெடுநாள் இருக்கிறது. ஆனால் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மட்டுமே வளர்கிற கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் அதே உறையில் கண் விழிக்கலாம். அதன் நச்சு நரம்புக்கும் தசைக்கும் இடையிலான பேச்சை அறுத்துவிடும். பார்வை இரண்டாகத் தெரியும், இமை தொங்கும், விழுங்க முடியாது, பிறகு மூச்சு நிற்கும். நீரில் வாழும் அதன் 'ஈ' வகை 3 டிகிரிக்குச் சற்று மேலேயே வளரத் தொடங்கிவிடும். 1963-ல் அமெரிக்கப் பேரேரிகளின் மீனைப் புகையூட்டி, காற்று நீக்கிய பிளாஸ்டிக் உறையில் விற்றபோது உயிர்ப்பலிகள் நேர்ந்தன. மூக்கின் எச்சரிக்கையைப் பறிக்கும் உறைக்குக் குளிர் எவ்வளவு அவசியம் என்பதை உலகம் அப்போது கற்றது.

டப்பா மீனும் ரிட்டார்ட் பை எனப்படும் அலுமினியப் பைக் குழம்பும் வேறு வழியில் போகின்றன. உறையை மூடிய பிறகு உள்ளே இருப்பதை வேகவைப்பதுதான் அவற்றின் பலம். நீராவி அழுத்தத்தில் 121 டிகிரிக்குக் கொண்டுபோகிறார்கள். நம் பிரஷர் குக்கர் வெயிட் போட்டு முழு அழுத்தம் எட்டும்போது ஏறக்குறைய அந்தச் சூடுதான். பாட்டுலினத்தின் வித்துகள் சாதாரணக் கொதிநீரில் சாகா. ஆனால் உணவின் நடுப்பகுதி 121 டிகிரியில் மூன்று நிமிடம் இருந்தால், லட்சம் கோடி வித்துகளில் ஒன்று பிழைக்கும் அளவுக்கு அழிந்துவிடும். புளிப்புக் குறைந்த டப்பா உணவுகள் இந்த அளவுகோலில்தான் நிற்கின்றன. முன்பு சொன்ன கொச்சி நிறுவனம் நம் மீன் குழம்புகளை இந்தப் பைகளில் அடைக்கும் முறையை வகுத்துத் தொழில்முனைவோருக்குக் கொடுத்திருக்கிறது. மூடியபின் எரியும் அடுப்பு என்பதால், பை முழுதாக இருக்கும்வரை அது அறைவெப்பத்தில் பத்திரம்.

பை முழுதாக இருக்கும்வரை என்பதுதான் நிபந்தனை. 1978-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரு டப்பா சால்மனைச் சாப்பிட்ட நான்கு முதியவர்களுக்குப் பாட்டுலிச நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். டப்பாவில் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு துளை. சூடான டப்பா ஆறும்போது உள்ளே இழுவிசை உண்டாகும். அந்தத் துளை வழியே கிருமி உள்ளே போயிருக்கிறது. உப்பிய டப்பா, கசியும் பை, மடிப்பில் வெடித்த ஓரம் ஆகியவற்றை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ருசி பார்த்து முடிவு செய்வோம் என்பதும் கூடாது.

அடுப்பும் கைவிடும் இடம்

இவ்வளவு நேரம் அடுப்பைப் புகழ்ந்தேன். அடுப்பு செய்ய முடியாத இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். அது மனிதரின் மூக்கிலும் தோலிலும் வாழ்வது. பச்சை மீனில் மற்ற பாக்டீரியாக்களோடு போட்டி போட முடியாமல் அடங்கிக் கிடக்கும். இறாலை வேகவைத்தால் போட்டியாளர்கள் எல்லோரும் சாகிறார்கள். களை பறித்த வயல் மாதிரி இடம் காலியாகிறது. பிறகு வெறுங்கையால் ஓடு உரித்தால், அந்த வயலில் விதைக்கப்படுவது இதுதான். சில மணி நேரச் சூட்டில் அது சுரக்கும் நச்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை.

இரண்டாவது ஹிஸ்டமின். சூரை, அயிலை, மத்தி போன்ற கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீனை ஐஸில் போடாமல் வெயிலில் விட்டால், மார்கனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே முகம் சிவந்து, அரித்து, தலை இடிக்கும். பலர் மீன் அலர்ஜி என்றே நினைத்துக்கொள்வார்கள். கொதியோ, டப்பாவின் 121 டிகிரியோ, உறைகுளிரோ ஹிஸ்டமினை நீக்காது. லட்சத்தீவில் சூரையை வேகவைத்து, புகையூட்டி, கல்லாகக் காயவைக்கும் மாசியைப் பொடித்துச் சம்பலில் போடுகிறவர்கள் நாம். அந்த மாசியின் தரம், சூரையைத் தூண்டிலிலிருந்து எடுத்த முதல் சில மணி நேரத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

டிராம்பேயில் ஒரு இறால்

தாராவி நைண்ட்டி ஃபீட் ரோட்டிலும் மாட்டுங்கா லேபர் கேம்பிலும் நம் சனங்களின் கடைகளில் மழைக்காலத்தில் கருவாடு நன்றாக ஓடும். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மேற்குக் கரையில் மீன்பிடித் தடை. மராத்தி வீடுகளில் பொம்பில் கருவாடும் சுக்கட் என்னும் பொடி இறால் கருவாடும். நம் வீடுகளில் நெத்திலி. உப்பும் வெயிலும் செய்கிற வேலை ஒன்றே: கிருமி குடிப்பதற்கு நீர் இல்லாமல் ஆக்குவது. மீனில் மொத்தம் எவ்வளவு நீர் என்பதைவிடக் கிருமிக்குக் கிடைக்கிற நீர் எவ்வளவு என்பதே கணக்கு. அதை நீர்ச்செயல்பாடு என்பார்கள். தூய நீருக்கு அது 1. அது 0.92-க்குக் கீழே போனால் லிஸ்டீரியா வளராது, 0.85-க்குக் கீழே போனால் ஸ்டஃபிலோகாக்கஸ் நச்சு சுரக்காது. மும்பையின் ஆடி மழையில் கருவாடு ஈரக்காற்றை உறிஞ்சி மெத்தென்று ஆகும்போது இந்த எண் மெல்ல ஏறுகிறது. எங்கள் அம்மா கருவாட்டை வளைத்துப் பார்த்து, "நமுத்துப் போச்சு, வேண்டாம்" என்பாள். அவள் விரல் அளந்தது இதைத்தான்.

உலர்த்துவது கிருமிக்கு ஒரு தடை. ஒரே தடையை உயரமாக வைப்பதைவிடப் பல சிறு தடைகளை வரிசையாக வைத்தால் கிருமி ஒவ்வொன்றிலும் களைத்து விழும் என்று ஜெர்மானிய அறிவியலாளர் லோதர் லைஸ்ட்னர் சொன்னார். செம்பூரை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உணவுத் தொழில்நுட்பப் பிரிவு இதை இறாலில் செய்து பார்த்தது. 2006-ல் வெளியான அந்த ஆய்வில், மசாலா ஊறிய இறாலை வேகவைத்து, நீர்ச்செயல்பாட்டை 0.85 அளவுக்கு இறக்கி, உறையில் மூடிய பிறகு 2.5 கிலோகிரே காமாக் கதிர் செலுத்தினார்கள். குளிர்ப்பெட்டி இல்லாமலே இரண்டு மாதம் இறால் கெடவில்லை.

கதிர் என்றதும் வரும் அச்சத்துக்குப் பதில் உண்டு. கோபால்ட்-60 வெளியிடும் காமாக் கதிர் உணவைக் கடந்து போய்விடுகிறது; உணவைக் கதிரியக்கம் உள்ளதாக மாற்றுவதில்லை. கிருமியின் டி.என்.ஏ.வைத் துண்டிக்கிறது. 2.5 கிலோகிரே ஏற்றும் சூடு ஒரு டிகிரிகூட இல்லை. மூடிய உறைக்குள், மீனை வேகவைக்காமல் எரியும் அடுப்பு என்று அதை வைத்துக்கொள்ளலாம். 10 கிலோகிரே வரை பாதுகாப்பானது என்று 1980-லேயே உலக சுகாதார நிறுவனத்தையும் உள்ளடக்கிய கூட்டு நிபுணர் குழு சொல்லிவிட்டது. இதற்கும் எல்லை உண்டு. ஏற்கெனவே சுரந்துவிட்ட நச்சையும் ஹிஸ்டமினையும் கதிர் நீக்காது. பழைய மீனைப் புதிதாக்கும் தொழில்நுட்பம் உலகில் எதுவும் இல்லை.

யார் தட்டுக்கு எந்தச் சுத்தம்

1997-ல் ஐரோப்பிய ஒன்றியம் சுகாதாரக் குறையைக் காட்டி இந்தியக் கடலுணவு இறக்குமதியை நிறுத்தியது. நம் ஏற்றுமதி ஆலைகள் தரையை மாற்றின. குடிநீர் தரத்தில் ஐஸ் செய்தன. ஒவ்வொரு கட்டத்திலும் எங்கே ஆபத்து என்று பட்டியலிட்டுக் கண்காணிக்கும் முறையைக் கொண்டுவந்தன. சந்தை மீண்டும் திறந்தது. சுத்தமாகச் செய்ய முடியும் என்பது அன்றே நிரூபணமானது. ஆனால் 2017-ல் மும்பையிலுள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவன ஆய்வாளர்கள், நகரின் சில்லறைச் சந்தை மீன்களில் பல நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு அடங்காத குடல் பாக்டீரியாக்களைக் கண்டார்கள். அவை மனிதக் கழிவுநீரின் தடயம். ஐரோப்பாவின் மேசைக்கு ஒரு சுத்தம், தாராவியின் தட்டுக்கு இன்னொரு சுத்தம் என்பதை நான் ஏற்க மாட்டேன். இறால் உரிக்கும் பெண்ணுக்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கழிப்பறையும் காய்ச்சல் நாளில் கூலியோடு விடுப்பும் கொடுப்பதுதான் முதல் உணவுப் பாதுகாப்பு. ஆய்வுக்கூடம் அதற்குப் பிறகுதான்.

நம் பங்குக்கு, பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் அதன் கடைசி அடுப்பு எங்கே என்று கேட்டுக்கொள்ளலாம். டப்பாவும் ரிட்டார்ட் பையும் மூடியபின் வெந்தவை; திறந்த பிறகு அவை சாதாரணக் குழம்பு, அன்றே தீர்க்க வேண்டும். குளிரில் விற்கும் புகை மீனும் வெந்த இறாலும் 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கடைசியாக வாங்கி முதலில் வீடு சேர வேண்டும். தேதிக்கு முன்பே தீர வேண்டும். பச்சை மீனின் நீர் சொட்டும் தட்டுக்கு மேல் அவை இருக்கட்டும், கீழே வேண்டாம். நமுத்த கருவாட்டை விட்டுவிடலாம். கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் நோயாளிக்கும் புகை மீனை ஆவி பறக்கச் சூடாக்கித்தான் தர வேண்டும்.

அன்று செம்பூரில் திரும்பி மார்க்கெட்டுக்கே நடந்தேன். கண் தெளிந்து, செவுள் சிவந்த அயிலை நான்கு வாங்கி, ஐஸ் போட்டுக் கட்டித் தரச் சொன்னேன். மகளைப் பால்கனியில் காற்றாட உட்காரச் சொல்லிவிட்டு, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு நானே குழம்பு வைத்தேன். கொதி வந்த பிறகும் பத்து நிமிடம் இறக்கவில்லை. வாடை போகட்டும் என்று ஆறவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டாள்.